விதைநெல்லோடு வைத்த பட்டியல்

எங்கள் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர் நான். வேலை செய்கிறவர் அமராவதி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மாலை போட ஒரு கழுத்து வேண்டும் என்றுதான் இந்தச் சின்னராசாவைத் தெரிவு செய்தார்கள். கூட்டத்தைத் தொடங்கி வைப்பேன், அதிகாரிகள் வந்தால் பக்கத்துக் கதிரையில் இருப்பேன், படம் எடுத்தால் நடுவில் நிற்பேன். கடிதம் எழுதுவது, வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் பிரிப்பது, குளத்துத் துருசு திறந்து தண்ணீர் விடுகிற நாளை அறிவிப்பது, வரம்புச் சண்டையை விலக்குப் பிடிப்பது எல்லாம் செயலாளர் பாடு. பதினொரு வருடமாக அந்தச் செயலாளர் அமராவதிதான்.

அவருடைய தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். அடுத்த வருடம் தர்மபுரத்தில் அவர் பிறந்தார். மற்றவர்களின் வயலில் களை பிடுங்கியும் நெல் அருவி வெட்டியும் சாதாரணதரச் சோதனை வரை படித்தார். ஆண்டியப்பனைக் கலியாணம் முடித்து, ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்தார். ஒன்றரை ஏக்கர் வயல், ஒரே மகள் ரஜிதா. எங்கள் குளத்தின் கீழ் ஐம்பத்து நான்கு குடும்பங்கள்; பாதி யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவை, பாதி மலையகத்தில் இருந்து வந்தவை. அண்ணை, தம்பி என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் செயலாளர் பதவிக்கு அமராவதியின் பெயர் வந்தபோது யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த எங்கள் பக்கத்தில் சில வாய்கள் கோணின. அதில் ஒரு வாய் என்னுடையது. அதை இப்போது நினைத்தால் அந்த வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கும்.

பட்டியல் கதைக்கு வருகிறேன். மாரியில் செய்கிற காலபோகத்துக்கு மழை இருக்கிறது, எல்லாரும் விதைக்கலாம். கோடையில் செய்கிற சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர்தான் கதி. குளம் நிரம்பாத வருடத்தில் ஐம்பத்து நான்கு குடும்பமும் விதைத்தால் எல்லா நெல்லும் கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் கருகும். ஆகவே எங்களிடம் ஒரு முறை உண்டு. தண்ணீர் குறைந்த வருடத்தில் பதினெட்டுக் குடும்பம் விதைக்காமல் விட்டுக்கொடுக்க வேண்டும். அடுத்த குறைந்த வருடத்தில் அடுத்த பதினெட்டு. அதற்கடுத்ததில் மிச்சப் பதினெட்டு. முதன்முதலில் திருவுளச் சீட்டுப் போட்டுப் பிரித்தோம்.

கேட்க இலகுவாக இருக்கிறது, இல்லையா? ஆனால் மனிதர்களுக்குக் கலியாணம் வரும், வருத்தம் வரும். "இந்தமுறை நான் விதைக்கிறன், உன்ர முறை வரேக்க நான் விடுறன்" என்று ஆளுக்காள் மாற்றிக்கொள்வார்கள். அந்த மாற்றங்களை எல்லாம் அமராவதி பட்டியலில் குறித்து வைப்பார். கூட்டத்தில் எல்லாருக்கும் ஞாபகசக்தி நன்றாகவே இருக்கும். ஆளாளுக்குத் தன் வயலுக்குத் தண்ணீர் வருகிற பக்கமாகவே ஞாபகம் இருக்கும். அந்த நேரத்தில் பட்டியல் பேசும், மற்றவர்கள் வாயை மூடுவார்கள்.

2018 வெள்ளத்தில் பழைய கொப்பிகள் ஊறிக் கூழானபோது, அமராவதி ஒவ்வொரு ஒற்றைத் தாளாகப் பிரித்துக் கொடியில் காயவிட்டார். ரஜிதா படிக்கக் கம்பஸ் போகும்போது வாங்கிய பழைய லப்டொப்பில், ஒரு விரலால் தட்டித் தட்டி எல்லாவற்றையும் ஏற்றினார். அதை முடிக்க அவருக்கு நாலு மாதம் சென்றது. பிறகு கொப்பிகளைக் கறையான் பார்த்துக்கொண்டது.

லப்டொப்பில் எங்கே வைத்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திறந்தால் இரண்டு பெட்டி தெரியும். ஒன்று பெரிய சி ட்ரைவ். மற்றது டி ட்ரைவ், சின்னது, 'ரிகவரி' என்று பெயர் போட்டிருந்தது. அமராவதி டி ட்ரைவைத் திறந்தார். இங்கே எதையும் தொடாதே, எதையும் வைக்காதே, எதையும் அழிக்காதே என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. அகராதி வைத்து வாசித்தார். வாசித்து, ஒரு முடிவுக்கு வந்தார். யாரும் தொடக்கூடாத இடம் என்றால் அதைவிடப் பத்திரமான இடம் வேறு எது? பட்டியலைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்.

இதைக் கேட்டு வெளியூர்க்காரர் சிரிக்கலாம். எங்களுக்குச் சிரிப்பு வராது. சண்டையில் 2008இல் ஊரை விட்டு வெளிக்கிட்டு 2010இல் திரும்பி வருமட்டும் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை இருந்தது. பிறப்புப் பத்திரம், காணி உறுதி, பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறு, எல்லாம் அந்தப் பைக்குள். உடுப்பும் சட்டியும் வேறு மூட்டை. அந்தப் பையைப் பிள்ளைகள் தொடப்படாது. ஒன்பது இடத்தில் இருந்து எழும்பி ஓடிய அமராவதி உடுப்பு மூட்டையை இரண்டு தரம் தொலைத்தார், பையைத் தொலைக்கவில்லை. இன்றைக்கும் அது அவருடைய வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. முக்கியமானது தனியே, சின்னதாய், ஒருவரும் தொடாமல் இருக்க வேண்டும். இதை ஒரு தரம் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

"அம்மா, ஈமெயிலுக்கும் ஒண்டு அனுப்பி வையுங்கோ" என்று ரஜிதா சொல்லியிருக்கிறாள். "கண்ணால காணாத இடத்தில நான் சாமான் வைக்கமாட்டன்" என்று அமராவதி மறுத்துவிட்டார்.

மூன்று வருடம் தொடர்ந்து குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. பட்டியலை ஒருவரும் கேட்கவில்லை. சுவரில் ஒட்டிய பழைய தாளும் கிழிந்து போயிற்று. இந்த வருடம் மாரி ஏமாற்றியது. பங்குனியில் குளத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை. வெள்ளிக்கிழமை சிறுபோகக் கூட்டம் என்று அறிவித்தாயிற்று. திங்கட்கிழமை காலை அமராவதி போன் எடுத்தார்.

"தலைவர், லப்டொப் திறக்குதில்லை. வட்டம் சுத்திக்கொண்டே நிக்குது."

நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். என் மருமகளின் லப்டொப் இப்படித்தான் நின்றபோது, தொடங்குகிற நேரத்தில் எஃப் பதினொன்று விசையை யாரோ அமத்தச் சொல்லி, அது புதுசு போல் வந்தது. அந்த ஒரு தரம் பார்த்ததிலேயே நான் பண்டிதன் ஆகிவிட்டேன்.

"எஃப் பதினொண்டை அமத்துங்கோ பிள்ளை. நான் சொல்லுறன்."

அமத்தினார். நீலத் திரை வந்தது. கடையில் இருந்து வந்த மாதிரி ஆக்கட்டுமா என்று கேட்டது. சி ட்ரைவில் உள்ளதெல்லாம் அழியும் என்றும் எழுதியிருந்தது. அமராவதி விரலை ஒவ்வொரு சொல்லாக வைத்து வாசித்தார். "சி எண்டுதானே போட்டிருக்கு? என்ர சாமான் டியில. அப்ப காரியமில்லை" என்று ஓம் கொடுத்தார். நானும் தலையை ஆட்டினேன். தலைவர் என்றால் தலையை ஆட்டத்தானே வேண்டும்.

இரண்டு மணித்தியாலம் ஓடியது. ஆண்டியப்பன் தேத்தண்ணி தந்தார். லப்டொப் பளபளவென்று எழும்பியது. பத்து வருடத்துக்கு முந்திய பூப்படம்கூடத் திரையில் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அமராவதி பெட்டிகளைத் திறந்தார். சி ட்ரைவ் இருந்தது. டி ட்ரைவ் இல்லை. பெயரே இல்லை. மூடித் திறந்தார், நிற்பாட்டித் தொடக்கினார், இல்லை. உள்ளதும் போச்சடா நொள்ளைக் கண்ணா என்று என் காதுக்குள் ஒரு குரல் கேட்டது.

அமராவதி அழவில்லை. லப்டொப்பை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தார். கோபமோ பயமோ வந்தால்தான் அவர் வாயில் தாயின் மலையகத் தமிழ் வரும். அன்றைக்கு வந்தது. "என்னங்க இது, இப்படி ஆகிப்போச்சு. நான் என்னன்னு ஊருக்குச் சொல்றது?"

அவர் ஏன் அப்படிப் பயந்தார் என்பது எனக்கு அடுத்த நாள்தான் விளங்கியது. செவ்வாய்க்கிழமை காலை தேத்தண்ணிக் கடையில் நானே வாயைக் கொடுத்தேன். "செயலாளற்ற லப்டொப் பழுதாப் போச்சு, பட்டியலும் போச்சுப் போல" என்றேன். பிரசாந்தன் அங்கே இருந்தான். கடைசி வாய்க்காலில் இரண்டு ஏக்கர் செய்கிறவன். அவன் கிளாசை வைத்துவிட்டுச் சொன்னான்:

"பரவாயில்லையே. லப்டொப்புக்கும் நாள் பார்க்கத் தெரிஞ்சிருக்கு."

நான் விளங்காமல் பார்த்தேன். அவனே விளக்கினான். கடைசியாகத் தண்ணீர் குறைந்த வருடத்தில் அமராவதியின் முறை விடுகிற முறை. அப்போதுதான் ஆண்டியப்பன் மரத்தால் விழுந்து கால் முறிந்து கிடந்தார். பிரசாந்தன் இரங்கி, "அக்கா, நீங்கள் விதையுங்கோ, நான் விடுறன். என்ர முறைக்கு நீங்கள் விடுங்கோ" என்று மாற்றிக்கொடுத்தான். இப்போது அவனுடைய முறை வந்திருக்கிறது. அமராவதி விட வேண்டும். அது எழுதியிருந்த ஒரே இடம் அந்த லப்டொப். கடையில் இருந்த நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை; அந்த உலையை மூட்டினவனே நான்.

நேரே அமராவதி வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. அவர் வெளிக்கிட்டு நின்றார். கதவுக்குப் பின்னால் தொங்குகிற பைக்குள் இருந்த பத்திரங்களை எல்லாம் அலுமாரிக்குள் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பைக்குள் லப்டொப்பைத் துவாயால் சுற்றி வைத்திருந்தார்.

"ரவுனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ தலைவர். நீங்கள்தானே அமத்தச் சொன்னது."

அந்த ஒரு வசனத்தோடு விட்டார். அதுவே எனக்கு ஸ்கந்தபுரத்தில் இருந்து கிளிநொச்சி வரைக்கும் போதுமாக இருந்தது. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்த அவர் வழியில் ஒரே ஒரு தரம் கதைத்தார். "என்ர வயலை நான் விடத்தான் போறன். பட்டியல் இருந்தாலும் விடுவன், இல்லாட்டியும் விடுவன். ஆனா மற்றப் பதினேழு பேரை ஆர் சொல்லுறது? நான் விட்டாலும், பிடிபட்டதால விட்டவ எண்டுதானே சொல்லுவினம்."

நான் மோட்டார் சைக்கிளை இன்னும் கொஞ்சம் வேகமாக விட்டேன்.

டிப்போச் சந்திக்குக் கிட்ட ஜனார்த்தனன் என்ற தம்பி லப்டொப் திருத்துகிறார். மெதுவாகக் கதைக்கிற ஆள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்ன கதையைக் கேட்டு முடித்து, ஒரு கேள்விதான் கேட்டார்.

"திருப்பி எழும்பின பிறகு அதில ஏதும் வேலை செய்தனீங்களா?"

"இல்லை. மூடினனான், திறக்கேல்லை" என்றார் அமராவதி.

"நல்லது." அவர் லப்டொப்பைத் திறந்து எங்கேயோ போய், ஒரு நீளப் பட்டையைத் திரையில் கொண்டுவந்தார். பட்டை கோடு போட்டுப் பிரிந்திருந்தது. "இதுதான் முழு டிஸ்க். இந்தப் பெரிய துண்டு சி. இந்தக் கடைசித் துண்டைப் பாருங்கோ. இதுதான் உங்கட டி. இருக்குது."

"இருக்குதோ?" என்றேன் நான்.

"இருக்குது ஐயா. திருப்பி எழுதேக்க அதுக்குக் குடுத்திருந்த டி எண்ட எழுத்தை எடுத்துப்போட்டுது. எழுத்து இல்லாட்டிப் பெட்டி கண்ணுக்குத் தெரியாது. ஆனா துண்டு நிக்குது. உள்ளுக்க உங்கட பைல் நிக்குதோ எண்டு இப்ப சொல்ல ஏலாது. டிஸ்க் பழசு, சத்தமும் போடுது. முதல்ல முழுசா ஒரு பிரதி எடுப்பம், பிறகு திறப்பம். ஒரு மணித்தியாலம் செல்லும்."

அந்த ஒரு மணித்தியாலம் கடை வாசல் வாங்கில் இருந்தோம். யாழ்ப்பாண பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. நான் வாழ்க்கையில் அதிகம் மன்னிப்புக் கேட்ட ஆளில்லை. கேட்டுப் பழக்கமில்லாததால் அது கோபம் மாதிரித்தான் வெளியே வந்தது. "கடையில நான்தான் வாயைக் குடுத்தனான். விசர் வேலை" என்றேன். "தெரியும்" என்றார் அமராவதி. வெற்றுப் பையை மடியில் மடித்து வைத்திருந்தார். அதை விரித்தார், மடித்தார், திரும்ப விரித்தார்.

ஜனார்த்தனன் கூப்பிட்டார். டி ட்ரைவ் திறந்திருந்தது. என்னென்னவோ ஆங்கிலப் பெயரில் மஞ்சள் பெட்டிகள். அமராவதி திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். கடைசி வரிசையில் தமிழில் ஒன்று: சிறுபோகம். அதற்குள் பட்டியல். அவர் வாசித்தார், தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். "அமராவதி, பிரசாந்தனுக்குப் பதிலாக விட வேண்டும்" என்று அவரே தட்டிய வரி.

அப்போதுதான் அழுதார். தனக்கு இந்தப் போகம் தண்ணீர் இல்லை என்று எழுதியிருந்ததைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டு அழுத ஒரு கமக்காரரை நான் முன்னே பின்னே கண்டதில்லை. எனக்கும் கண் கலங்கியது. வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

திரும்பி வந்தபோது ஜனார்த்தனன் அவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா, இந்தத் துண்டு உங்கட சாமான் வைக்கத் தந்த இடமில்லை. லப்டொப் செய்தவங்கள், இது பழுதானா முதல்ல இருந்து திருப்பி எழுத எண்டு, எல்லாத்தின்ர பிரதியையும் இதுக்க வைச்சிருக்கிறாங்கள். சி அழிஞ்சா இதில இருந்துதான் திரும்ப முளைக்கும்."

அமராவதி யோசித்தார். "விதைநெல்லுத் தம்பி."

"என்ன அக்கா?"

"விதைநெல்லை வேறயா வைப்பம். பசி எண்டாலும் குத்தமாட்டம். அந்த மூட்டைக்குள்ள நான் என்ர பட்டியலைச் செருகி வைச்சிருக்கிறன்."

ஜனார்த்தனன் சிரித்தார். "அதேதான். இன்னும் நிறையச் செருகியிருந்தா நிரம்பிப்போய், விதைக்கவும் ஏலாமல் போயிருக்கும். இன்னொண்டும் சொல்லுறன். சில லப்டொப் இந்தக் கோடுகளையும் அழிச்சு, முழு டிஸ்கையும் துடைச்சுப்போட்டுத்தான் திருப்பி எழுதும். அப்பிடி ஒண்டா இருந்திருந்தா எனக்கும் செய்ய வழியில்லை. உங்கட நல்ல காலம். டி வேற, சி வேற எண்டு நினைக்காதேங்கோ. ஒரே டிஸ்க்தான். நடுவில கோடு."

"வரம்பு மாதிரி" என்றார் அமராவதி. "வரம்பு கட்டினா ரெண்டு வயல். வெள்ளம் வந்தா ஒரே வயல்."

இதைத்தான் நான் இப்போது எல்லாருக்கும் சொல்லித் திரிகிறேன். என்னுடைய வசனம் என்று சிலர் நினைக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.

ஜனார்த்தனன் பட்டியலை மூன்று பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்தார். ஆளுக்கொரு வீட்டில் வைக்கச் சொன்னார். அமராவதி மூன்றையும் பைக்குள் வைத்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். திரும்பும் வழியில் அவர் வாய் ஓயவில்லை. ஆண்டியப்பன் இந்தப் போகம் சும்மா இருக்கப்போகிறார், வேலியாவது அடைக்கட்டும், தான் கச்சான் கடலை போடப்போகிறேன் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் காற்றில் பாதி கேட்கவில்லை. கேட்காததற்கெல்லாம் ஓம் ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பொதுமண்டபம் நிறைந்திருந்தது. பிரசாந்தன் கடைசி வாங்கில். நான் வழக்கம்போலத் தொடங்கி வைத்துவிட்டு இருந்தேன். அமராவதி எழுந்தார். லப்டொப் எப்படிப் பழுதானது, எங்கே வைத்தது பிழை, எப்படிக் கிடைத்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். எஃப் பதினொன்றை அமத்தச் சொன்னது யார் என்பதையும் ஒளிக்கவில்லை. சபை என் பக்கம் திரும்பிச் சிரித்தது. பிறகு இம்முறை விட வேண்டிய பதினெட்டுப் பெயர்களை வாசித்தார். பட்டியலில் தான் பதினோராவதாக இருந்தும், முதலில் தன் பெயரை வாசித்தார்.

"அமராவதி ஆண்டியப்பன். ஒன்றரை ஏக்கர். பிரசாந்தனுக்குப் பதிலாக."

மற்றப் பதினேழு பேரும் தங்கள் பெயர் வந்தபோது தலையாட்டினார்கள். வழக்கமாக இரண்டு மணித்தியாலம் இழுபடுகிற சண்டை அன்றைக்குக் கால் மணித்தியாலத்தில் முடிந்தது.

பிரசாந்தன் எழும்பினான். "அக்கா, நான் கடையில ஒரு கதை சொன்னனான்…"

"கடையில கதைச்சது கடையோட போகட்டும்" என்றார் அமராவதி. "இஞ்ச வாங்கோ."

அவன் வந்தான். அவர் பையைத் திறந்து மூன்று பென்ட்ரைவையும் எடுத்தார். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டார். ஒன்றை என்னிடம் தந்தார். மற்றதைப் பிரசாந்தனின் கையில் வைத்தார்.

"எனக்கேன் அக்கா? நான்தானே உங்களைச் சந்தேகப்பட்டது."

"அதுதான் உங்களிட்டத் தாறன் தம்பி. தலைவர் எங்கயாவது தொலைச்சுப்போடுவார். சந்தேகப்படுற ஆள் தொலைக்கமாட்டார்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். பிரசாந்தன் சிரிக்கவில்லை. அவன் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து, பொத்தானைப் பூட்டி, பூட்டுப்பட்டதா என்று மேலால் ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டான்.